வளவு முழுக்க நட: மன்னாரில் கறையான் பரிசோதனையைத் தொழிலாக எடுப்போருக்கு

"வீட்டில கறையான் பிடிச்சிட்டுது, ஒருக்கா வந்து பாருங்கோ" என்றுதான் அழைப்பு வரும். போய்ப் படலையைத் திறந்தால் அங்கே இருப்பது ஒரு வீடா? உதவித் திட்டத்தில் கட்டிய கல்வீடு, அதற்கு முன் குடியிருந்த தகரக் கொட்டில், கிடுகு வேய்ந்த குசினி, தள்ளி மலசலகூடம், ஆட்டுக் கொட்டில், வலையும் எஞ்சினும் வைக்கும் அறை, மகளின் சீதனத்துக்கென்று அரைகுறையாக எழும்பி நிற்கும் இன்னொரு வீடு. பேசாலையிலோ வங்காலையிலோ இப்படி ஒரு வளவைக் காண்பது அபூர்வமில்லை. நானாட்டான், முருங்கன் பக்கம் போனால் வலையறையின் இடத்தில் நெல் மூட்டை அடுக்கிய அறையும் உழவு இயந்திரக் கொட்டிலும் இருக்கும்.

இந்த வேலையில் இறங்குபவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டும் சுவர், கறையான் வந்து சேர்ந்த இடம். அது புறப்பட்ட இடம் வேறெங்கோ இருக்கிறது. நிலத்தடிக் கறையான் கூட்டை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு மண்ணுக்குள்ளால் பல பத்து மீற்றர் போய்த் தீனி எடுக்கும். ஒரே கூடு ஒரே நேரத்தில் வேலிக் கட்டையிலும் குசினிக் கப்பிலும் கல்வீட்டு நிலையிலும் வேலை செய்துகொண்டிருக்கலாம். ஆகவே பரிசோதனையின் அலகு வளவு. வீட்டை மட்டும் பார்த்து எழுதிக் கொடுத்தால், அடுத்த மாரிக்கு அதே ஆள் அதே சுவரைக் காட்டி உங்களைத் திட்டுவார். அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

யார் காசு தருவார்கள்?

தொழில் என்று எடுத்தால் இது முதல் கேள்வி. மன்னாரில் இப்போது வாய்ப்பு இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தின் பெரும் பகுதியான 45,000 வீடுகள் வடக்கிலும் கிழக்கிலும் உரிமையாளரே கட்டும் முறையில் எழும்பின. புது வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. அந்தக் காசுக்குள் முடிக்கப் பாடுபட்டவர்கள் எதில் மிச்சம் பிடித்திருப்பார்கள் என்பதை ஏணி போட்டுக் கூரையைப் பார்த்தால் கண்டுகொள்வீர்கள்: முற்றாத மரம், மருந்து பூசாத சிலாகை, பழைய வீட்டிலிருந்து கழற்றிப் பொருத்திய நிலைகள். இந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்போது 10 வயது தாண்டிவிட்டது. கறையான் தன் கணக்கைக் கேட்கும் வயது அது.

அடுத்து, பூட்டிக் கிடக்கும் வீடுகள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பலர் போர் முடிந்தபின் எருக்கலம்பிட்டிக்கும் முசலிப் பக்கத்துக்கும் திரும்பினார்கள். ஆனால் பிள்ளைகளின் படிப்பும் வியாபாரமும் புத்தளத்தில் என்பதால் இரண்டு இடத்திலும் கால் வைத்திருப்பவர்கள் உண்டு. இன்னொரு பக்கம் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உரிமையாளர்கள். இவர்களுக்கு வேண்டியது மருந்து அடிப்பவர் அல்ல. நம்பிப் படமும் குறிப்பும் அனுப்பக்கூடிய ஒரு கண். வருடத்துக்கு இரண்டு முறை வளவைச் சுற்றி வந்து வட்ஸ்அப்பில் ஒழுங்கான அறிக்கை போடுபவருக்கு இவர்களே நிரந்தர வாடிக்கை.

கத்தோலிக்கப் பங்குகளை மறக்க வேண்டாம். கோயில், மிஷன் வீடு, கன்னியர் மடம், மண்டபம், பக்கத்தில் பாடசாலை என்று ஒரே மதிலுக்குள் ஐந்தாறு கட்டடம் உள்ள வளவுகள் இந்த மாவட்டத்தில் எத்தனை! ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் அடுக்கியிருக்கும் அலுமாரியின் பின்புறத்தைக் கடைசியாக எப்போது இழுத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். அதேபோல வீடுகளில் காணி உறுதி. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பத்திரமாகக் காத்த உறுதியைச் சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைத்துக் கறையானுக்குக் கொடுத்தால், காணி அலுவலகத்தில் அலைய வேண்டியிருக்கும். "உறுதி எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டாம், அது சந்தேகத்தைக் கிளப்பும். "தாள், பத்திரம் உள்ள அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கோ" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது

வீட்டுக்காரர் நேரே விறாந்தைக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவார். குடியுங்கள். குடித்துவிட்டு வீட்டுக்குள் போகாமல் வேலியடிக்குப் போங்கள்.

வெளியிலிருந்து உள்ளே, மோசமானதிலிருந்து நல்லதற்கு என்பது என் ஒழுங்கு. முதலில் வேலி. பூவரசு, கிளுவை, முள்முருக்கு என்று உயிர்க் கதியால்களில் பட்டுப்போனவை எவை என்று பாருங்கள். செத்த கதியாலின் அடியில்தான் மண் ஏறியிருக்கும். பிறகு வெட்டிய பனை, தென்னைகளின் அடிக்கட்டைகள். பிறகு விறகு அடுக்கு, ஓலைக் குவியல், பனை மட்டைக் கும்பி. இதில் ஏதாவது நிலத்தோடு ஒட்டிக் கிடந்தால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். அதன் பிறகு குசினி, கொட்டில்கள். கல்வீடு கடைசி. இப்படி வந்தால் கல்வீட்டுச் சுவரை அடையும்போது, கறையான் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்ற ஊகம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். உள்ளே அந்தப் பக்கச் சுவரில் கூடுதல் நேரம் நிற்பீர்கள்.

புதிதாகக் கட்டிய வீடு என்றால் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: கொங்கிறீற்று போட அடித்த பலகைத் துண்டுகளை என்ன செய்தீர்கள்? அத்திவாரக் குழியை மூடும்போது பலகையும் முளையும் உள்ளேயே விட்டு மண் தள்ளிய இடங்கள் உண்டு. அது கறையானுக்கு வைத்த முதல் விருந்து. அரைகுறை வீடுகளில் இன்னும் மோசம்: அறைக்குள் மண் நிரப்பித் தரை போடாமல் விட்டிருப்பார்கள், அந்த மண்ணின் மேல் வாங்கிப் போட்ட மரத்தை அடுக்கியிருப்பார்கள். வருடக் கணக்கில் காத்துக் கிடக்கும் மரம் அது. அறிக்கையில் இதை முதல் வரியாக எழுதலாம்.

குசினிக்கு வந்தால் கப்புகளின் அடியைப் பாருங்கள். பனையின் வைரம் பாய்ந்த கருமையான வெளிப்பகுதி நெடுங்காலம் நிற்கும். நடுவிலுள்ள சோறு நிற்காது. வெளியே கல்லைப் போல இருக்கும் பனங்கப்பின் உட்புறம் முழுக்க மண்ணாகியிருக்கலாம். சுத்தியலின் கைப்பிடியால் அடியிலிருந்து தோள் உயரம் வரை தட்டுங்கள். சத்தம் மாறும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். அந்தக் கோடுகளை வீட்டுக்காரரே பார்க்கட்டும். நீங்கள் பேசத் தேவையில்லை.

கல்வீட்டில்: அத்திவாரத்தின் வெளிச்சுற்று முழுவதும், தரையிலிருந்து சுவரில் ஏறும் மண் கோடு இருக்கிறதா என்று. கதவு நிலைகள் தரையைத் தொடும் மூலைகள். தண்ணீர்க் குழாயும் மின் குழாயும் சுவரைத் துளைக்கும் இடங்கள். மின்கம்பிக் குழாய்க்குள்ளால் கறையான் கூரை வரை ஏறிவிடும், வெளியே ஒரு பொட்டு மண்கூடத் தெரியாது. பிளைவூட், எம்.டி.எஃப் அலுமாரிகளின் பின்பலகை. யன்னலுக்குக் கீழே பெயின்ட் அலை அலையாகப் புடைத்திருந்தால் விரலால் அமத்திப் பாருங்கள். பிறகு ஏணி.

கருவிக்கு நிறையச் செலவழிக்க வேண்டாம். பலமான டோர்ச், ஒரு குத்தூசி அல்லது பழைய திருப்புளி, சுத்தியல், சுண்ணக்கட்டி, அளவுநாடா, ஏணி, கையுறை, நல்ல சப்பாத்து. காசு சேர்ந்தபின் ஈரமானி வாங்கலாம். வெப்பக் கமரா வாங்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால், மன்னார் வெயிலில் சுடும் சுவரில் அது என்ன காட்டும் என்று முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

எது கறையான், எது இல்லை

இங்கேதான் புதியவர்கள் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மரம் அரிபட்டிருந்தால் எல்லாம் கறையான் என்று எழுதிவிடுவது.

மண் கொண்டுவருவது நிலத்தடிக் கறையான். மண் கோடு, அரித்த மரத்துக்குள் அப்பிய மண், ஈரம் இவை அதன் அடையாளங்கள். இலங்கையின் உலர் வலயத்தில் பெரிய புற்றுக் கட்டும் ஒடொன்டோடெர்மிஸ் வகையும், புற்றே காட்டாமல் மரத்துக்குள்ளும் நிலத்துக்குள்ளும் கூடு வைக்கும் கொப்டோடெர்மிஸ் வகையும் இதில் அடங்கும். உலர்மரக் கறையான் வேறு சாதி. அதற்கு மண்ணும் வேண்டாம், நிலத்தோடு தொடர்பும் வேண்டாம். ஒரு கதிரையின் காலுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். மரத்தில் ஊசித் துளை போட்டுத் தன் எச்சத்தை வெளியே தள்ளும். கீழே கசகசாவைக் கொட்டியதுபோல் சிறு மணிகள் கிடந்தால் ஒன்றை உள்ளங்கையில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்: ஆறு பக்கம் தெரியும். மாவைப்போல நைசான தூள் என்றால் அது உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் வண்டு. வளையில் விரல் போகும் அளவுக்கு வட்டமான ஓட்டை என்றால் கருவண்டு. மலசலகூடக் கதவின் அடிப்பலகை கட்டம் கட்டமாக வெடித்து உதிர்ந்தால் பூஞ்சண உக்கல். கரையோரத்தில் உப்புக் காற்று ஆணியைத் தின்று, ஆணியைச் சுற்றிய மரத்தையும் கறுப்பாக்கிவிடும்; அதையும் கறையான் தலையில் போடாதீர்கள். பழைய மரத் தோணியில் துளை கண்டு யாராவது கூப்பிட்டால், கடலில் கிடந்த தோணி என்றால் அது பெரும்பாலும் கப்பல் புழுவின் வேலை. கறையான் அதைத் தொடுவது கரையேற்றிப் பல மாதம் மணலில் கவிழ்த்துப் போட்ட பிறகு.

இந்த வேறுபாடு ஏன் காசாகிறது? நிலத்தடிக் கறையானுக்கு வளவு முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். உலர்மரக் கறையானுக்கு ஒவ்வொரு மரத்துண்டும் தனிக் கதை. நிலத்துக்கு எவ்வளவு மருந்து ஊற்றினாலும் அது கேட்காது. பழைய வீட்டு நிலையைக் கழற்றிக் குசினிக்குப் போடுவதும், பெரியம்மா வீட்டு அலுமாரியைக் கொண்டுவந்து அறைக்குள் வைப்பதும் இங்கே வழக்கம். உலர்மரக் கறையான் அப்படித்தான் கட்டடம் விட்டுக் கட்டடம் போகிறது. வளவில் எந்த மரம் எங்கிருந்து வந்தது என்று பாட்டியிடம் கேளுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

உயிருள்ள மண் கோடா, பழசா என்று அறிய, கோட்டின் நடுவில் விரலளவு மட்டும் உடைத்துவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாளில் அடைபட்டிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டாம்; குழப்பினால் அவை வேறு வழி எடுக்கும், நீங்கள் தடயத்தை இழப்பீர்கள். மருந்து அடிக்க வருபவர் திட்டுவதும் இதற்குத்தான்.

தீவும் பெருநிலமும்

மன்னார்த் தீவின் மணலையும் முருங்கன் பக்கக் கறுப்புக் களியையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. முருங்கன் களி மழைக்கு ஊதும், கோடைக்குப் பிளக்கும். அந்த அசைவில் தரையும் அத்திவாரமும் வெடிக்கும். கறையானுக்கு நூலளவு வெடிப்புப் போதும். எனவே அங்கே வெடிப்புகளைத் தேடுவதே பாதி வேலை. புற்றுக் கட்டவும் களி வேண்டும் என்பதால் பெருநிலத்தில் புற்று கண்ணுக்குத் தெரியும். தீவு மணலில் புற்றைத் தேடி நின்றால் ஒன்றும் காணாமல் "இங்கே கறையான் இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். அங்கே அடிக்கட்டையையும் பட்ட மரத்தையும் ஈரம் தங்கும் இடத்தையும் தேட வேண்டும்.

புற்று என்றதும் ஒன்று. அதில் மஞ்சள் பூசியிருந்தாலோ பூ வைத்திருந்தாலோ கை வைக்காதீர்கள். அவை இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டே கிட்டப் போங்கள். இடித்துவிட்டால் கறையான் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கும் சொல்லுங்கள்: ராணி இருக்கும் அறை ஆழத்தில் இருக்கிறது, மேலே இடித்ததை அவை மறுபடி கட்டிவிடும்.

ஒக்டோபரில் மழை இறங்கியதும் ஈசல் பறக்கும். விளக்கடியில் உதிர்ந்த இறக்கைகளை வீட்டுக்காரர் கூட்டித் தள்ளுவதற்கு முன் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்டடத்தின் எந்த அறையில் என்பது முக்கியம். நான்கு இறக்கையும் ஒரே நீளம் என்றால் ஈசல், முன்னிறக்கை நீளம் என்றால் எறும்பு. மழை ஓய்ந்த ஜனவரி, பெப்ரவரி பரிசோதனைக்கு நல்ல காலம்: நிலம் ஈரம், மண் கோடுகள் புதிது. சோளகம் அடித்து எல்லாம் வறண்ட பிறகு போனால் தண்ணீரைப் பின்தொடருங்கள். குளியலடி, ஒழுகும் தாங்கியின் கீழ், கழிவுநீர் ஓடும் வாழையடி. அந்தக் காலத்தில் வளவிலேயே ஈரமான இடம் அதுவாகத்தான் இருக்கும்.

கிணறு

பரிசோதகர் மருந்து அடிப்பதில்லை என்றாலும் மருந்தைப் பற்றிப் பேச வேண்டிவரும். தீவில் மணலுக்குக் கீழே சில மீற்றரில் நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். குடிப்பதும் குளிப்பதும் அந்த மெல்லிய நன்னீர்ப் படையை நம்பித்தான். மணல் மருந்தைப் பிடித்து வைக்காது. மழையோடு கீழே விட்டுவிடும். ஆகையால் வரைபடத்தில் நான் முதலில் குறிக்கச் சொல்வது கிணற்றை. உங்கள் வளவுக் கிணற்றை மட்டும் குறித்தால் போதாது, மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றையும் குறியுங்கள். எந்தக் கட்டடம் கிணற்றுக்கு எத்தனை மீற்றர் என்று நாடா பிடித்து எழுதுங்கள். பைஃபென்த்ரின் போன்ற கறையான் மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமான இடம், அதன் ஓரத்து வளவுகளில் வெள்ளம் எந்தப் பக்கம் வடிகிறது என்பதும் வரைபடத்தில் வர வேண்டும்.

இலங்கையில் இந்த மருந்துகளுக்கு 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. பேராதனையில் பீடைகொல்லிகள் பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. மருந்து அடிக்கும் சேவையைப் பரிந்துரைக்கும்போது பதிவு உள்ளதா, போத்தலில் கறையானுக்கென்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வயலுக்கு வாங்கி மிஞ்சியதைச் சுவரடியில் ஊற்றுவதையும், கப்புக்குக் கழிவு ஒயில் பூசுவதையும் எங்கே கண்டாலும் எழுதுங்கள். பழைய ஆட்கள் "அந்தக் காலத்து மருந்து மாதிரி வராது" என்பார்கள். உண்மைதான், அல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டகுளோர் நான்கும் நிலத்தில் பல்லாண்டு நின்றன. நின்றதனால்தான் 2001இல் கையெழுத்தான ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை முதலில் ஒதுக்கிய 12 நஞ்சுகளுக்குள் அவை வந்தன.

மருந்திட்ட வேலை சரியா என்று பார்த்துச் சொல்லவும் அழைப்பார்கள். அளவுகோல் வேண்டுமானால் இந்திய நியமம் ஐ.எஸ். 6313இன் 3ஆம் பகுதி உதவும்: கட்டி முடிந்த வீட்டில் சுவரும் தரையும் சேரும் கோட்டில் 12 மில்லிமீற்றர் துளைகள், 300 மில்லிமீற்றருக்கு ஒன்று. முழங்காலில் இருந்து துளைகளை எண்ணுங்கள். இரண்டு மீற்றருக்கு மூன்று துளை என்றால் உங்கள் வாடிக்கையாளர் ஏமாற்றப்பட்டிருக்கிறார். மருந்து கலந்த தீனியைத் தூண்டிலாகப் பெட்டியில் வைக்கும் முறை கிணற்றருகே பாதுகாப்பானது, ஆனால் மாதக் கணக்கில் பொறுக்க வேண்டும். ஒடொன்டோடெர்மிஸ் போலக் காளான் வளர்த்துத் தின்னும் கறையான்கள் அந்தத் தூண்டிலை எளிதில் மதிப்பதில்லை.

பல வளவுகளுக்கு மருந்தே வேண்டியிருக்காது. விறகைக் கல்லின் மேல் அடுக்கு, செத்த கதியாலைப் பிடுங்கு, அடிக்கட்டையைத் தோண்டு, குசினிக் கப்பைச் சீமெந்துக் கட்டையில் ஏற்று, ஒழுகும் குழாயைத் திருத்து. இதை எழுதிக் கொடுப்பதற்கும் காசு வாங்கலாம். வாங்க வேண்டும்.

அறிக்கை

உங்கள் சரக்கு அறிக்கைதான். அமெரிக்காவில் வீடு கைமாறும்போது பயன்படும் என்.பி.எம்.ஏ-33 படிவத்தில், எந்தெந்தக் கட்டடங்கள் பார்க்கப்பட்டன என்று எழுத ஒரு கட்டமும், எட்டாத இடங்களை எழுத இன்னொரு கட்டமும் உண்டு. நீங்களும் படலையிலிருந்து வலம் சுற்றாகக் கட்டடங்களுக்கு இலக்கம் போடுங்கள். கோழிக்கூட்டுக்கும் ஓர் இலக்கம். சுண்ணக்கட்டியால் அந்த இலக்கத்தைச் சுவரில் எழுதி, இலக்கம் தெரியும்படி படம் எடுங்கள். இல்லாவிட்டால் இரவில் படங்களைப் பார்க்கும்போது எந்தக் கப்பு எந்தக் கொட்டிலில் என்று தலையைப் பிய்ப்பீர்கள்.

ஒவ்வொரு இலக்கத்துக்கும் எதிரே நான்கில் ஒன்று: உயிருள்ள கறையான், பழைய தடயம், தடயம் காணப்படவில்லை, பார்க்க முடியவில்லை. நான்காவதை எழுத வெட்கப்படாதீர்கள். "இலக்கம் 5: பூட்டியிருந்தது, திறப்பு புத்தளத்தில்." "இலக்கம் 3: வடக்குச் சுவர் வரை நெல் மூட்டை." இந்த வரிகள்தான் பிறகு உங்களைக் காக்கும். "கறையான் இல்லை" என்று எந்தக் கட்டடத்துக்கும் எழுத வேண்டாம். உங்கள் கண்ணுக்குப் பட்டது, படாதது மட்டுமே உங்கள் கையில்.

கட்டணத்தைக் கட்டடக் கணக்கிலும் தூரக் கணக்கிலும் சேர்த்துச் சொல்லுங்கள். தொலைபேசியில் "எத்தனை கூரை இருக்கு?" என்று கேட்டால் சரியான எண் வரும், "எத்தனை கட்டடம்?" என்று கேட்டால் குசினியும் கொட்டிலும் கணக்கில் வராது. இலவசப் பரிசோதனை என்று விளம்பரம் செய்யாதீர்கள். இலவசமாகப் பார்ப்பவர் மருந்து விற்றே சீவிக்க வேண்டும். அப்படியானவர் பார்க்கும் எல்லா வளவிலும் கறையான் இருக்கும்.

உடம்பும் மரியாதையும்

குவியலைப் புரட்டக் கையைப் பாவிக்காதீர்கள், தடி எடுங்கள். நாகம், கண்ணாடி விரியனோடு, இந்தக் கரையோர மணலில் சுருட்டை விரியனும் உண்டு; சின்னப் பாம்பு என்று ஏமாற வேண்டாம். அஸ்பெஸ்டஸ் கூரையில் ஏறாதீர்கள், அது மனிதனைத் தாங்காது. பெருநிலத்தில் பற்றை பிடித்துக் கிடந்த காணி என்றால், மண்ணில் குத்தூசியை இறக்குமுன் கண்ணிவெடி அகற்றி முடிந்த இடமா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதற்குப் பிறகும் வடக்கில் அகற்றும் பணி நடந்துகொண்டே இருந்தது. சிவப்புப் பலகைக்கு அப்பால் உள்ள வேலி "பார்க்க முடியவில்லை" என்ற வகைக்குள் வரும், அவ்வளவுதான்.

வெள்ளி மதியமும் ஞாயிறு காலையும் வேலை வைக்காதீர்கள். அம்மா தனியாக இருக்கும் வீட்டில் வெளிச்சுற்றை முடித்துவிட்டு, உள்ளே பார்க்க அயலில் ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். குசினிக்குள், சாமியறைக்குள், படுக்கையறைக்குள் போகுமுன் கேளுங்கள். "ஐயா, இந்த அலுமாரியைக் கொஞ்சம் இழுக்கட்டோ?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பது அலுப்பாக இருக்கும். கேளுங்கள். இந்த ஊரில் அடுத்த வேலை பக்கத்து வளவிலிருந்துதான் வரும். உங்களைப் பற்றிச் சொல்பவர் உங்கள் அறிவைச் சொல்ல மாட்டார், நடத்தையைத்தான் சொல்வார்.

பயிற்சிக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: தச்சு வேலையில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்தவர்களுக்கு இது பாதி தெரிந்த வேலை. மேசன்மாரோடு இரண்டு வீடு கட்டப் போனவர்களுக்கு மீதிப் பாதி. இரண்டும் இல்லாவிட்டால் ஒரு பங்கு வளவையோ பாடசாலையையோ அனுமதி கேட்டுச் சம்பளமின்றி முழுதாகப் பார்த்து, வரைபடத்தோடு அறிக்கை எழுதிக் கொடுங்கள். மாரி முடிந்ததும் திரும்பிப் போய் உங்கள் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி சுற்றுங்கள். "தடயம் காணப்படவில்லை" என்று எழுதிய இலக்கங்களில் எத்தனையில் புதிய மண் ஏறியிருக்கிறது என்று எண்ணுங்கள். அவுஸ்திரேலிய நியமம் குறைந்தது 12 மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை என்கிறது. நம் மழைக்கும் வெயிலுக்கும் மாரிக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டாகக் கேளுங்கள். அடுத்த தேதியை அறிக்கையின் அடியில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்; கூப்பிடுவார்கள் என்று காத்திராமல் அந்த வாரம் நீங்களே தொலைபேசி எடுங்கள்.